துல்சாவில் ஒரு த்ரீ நாட் த்ரீ

என் அப்பா இருபத்தாறு ஆண்டுகள் ஆயுதப்படைக் காவலராக இருந்தவர். அவர் தோளில் தொங்கியது, தமிழ்நாட்டில் எல்லோரும் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லும் .303 ரைஃபிள். அது எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. பணி முடிந்ததும் ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சைக்கிளைத் தொடுவார். கையெட்டும் தூரத்தில் நான் அதைப் பார்த்தது 1996 தேர்தலின்போது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் பெட்டிகளை வைத்துப் பூட்டி, வராந்தாவில் அப்பாவைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோன என்னை, அதைத் தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். மகன் என்கிற உரிமையெல்லாம் பள்ளிக்கூட வாசலோடு முடிந்துவிட்டது.

அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மலையடிவாரத்தில் சுடும் பயிற்சி நடக்கும். எண்ணிக் கொடுத்த தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, வெடித்துத் தெறித்த காலிகளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் ஒரு காலி குறைந்துவிட்டது. முப்பது பேர் உடைமுள் காட்டுக்குள் மண்டியிட்டுப் பொழுது சாயும்வரை தேடினார்கள். தொலைந்தால் விசாரணை, விளக்கக் கடிதம், சம்பள உயர்வு நிறுத்தம் என்று ஆளாளுக்குப் பயம். கடைசியில் அது ஒருவருடைய பூட்ஸுக்கும் கால்சட்டைக்கும் நடுவில் சூடு ஆறிப்போய்க் கிடந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது அப்பா இன்றைக்கும் சிரிக்க மாட்டார்.

இப்போது நான் அமெரிக்காவில், ஆர்க்கன்சா மாநிலத்தின் பென்டன்வில்லில் இருக்கிறேன். ஊரின் பாதிப் பேரைப்போல நானும் கடைக் கணக்குக்கான மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். இங்கிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் ஓக்லஹோமாவின் துல்சா. அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் நவம்பரிலும், 'வானன்மாக்கர் துல்சா ஆயுதக் கண்காட்சி' நடக்கிறது. உலகிலேயே பெரிய துப்பாக்கிச் சந்தை என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். மறுத்து இன்னொருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் ஒரு பெரியவர் ஆண்டுதோறும் அங்கே போய்வருவார். என் அப்பா தூக்கிய துப்பாக்கி எது என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். "இஷாப்பூர் லீ என்ஃபீல்டா? துல்சாவில் கிடைக்குமே" என்றார், கொத்தமல்லி சந்தையில் கிடைக்குமே என்பதைப்போல. லீ என்ஃபீல்டு என்பது அந்த .303இன் முறையான பெயர்; இஷாப்பூர், அதை இந்தியாவில் செய்த ஊர். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டகம் முதலில் வரவேண்டும், துப்பாக்கி பிறகு என்று சொல்லிவிட்டாள். காரணம் எனக்குத் தெரியும். எங்கள் மகளின் பள்ளியில், துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் விளக்கை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் மூலையில் உட்காரப் பழக்குகிறார்கள். 1998 மார்ச்சில் இதே மாநிலத்தின் ஜோன்ஸ்பரோ அருகே பதின்மூன்றும் பதினொன்றும் வயதான இரண்டு பையன்கள் தங்கள் பள்ளியிலேயே சுட்டு, நாலு சிறுமிகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றார்கள். அவர்கள் கையிலிருந்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவை தாத்தா வீட்டிலிருந்து எடுத்தவை. ஆகவே நூற்றுப் பத்துக் கிலோ எடையுள்ள இரும்புப் பெட்டகம் ஒன்றை வாங்கி, தரையோடு திருகாணி போட்டு இறுக்கினேன். நகை வைத்திருக்கும் லாக்கரைவிட அது நாலு மடங்கு பெரியது. இரண்டு மாதம் காலியாகவே நின்றது.

என்னோடு மதுரைக்கார நண்பர் ஒருவரும் வந்தார். அவருக்கு இன்னும் எச்1பி விசாதான். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடத்துக்கு மேலாக நிற்கிறார். விசாவில் இருக்கிறவர் பொதுவாகத் துப்பாக்கி வாங்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. மானைச் சுட அனுமதிச் சீட்டு வாங்கினால் துப்பாக்கி வாங்கவும் தகுதி வந்துவிடுகிறது. நண்பர் சைவர். "எனக்கு இந்த நாட்டில் வேடிக்கை பார்க்க மட்டும்தான் உரிமை" என்று சொல்லிக்கொண்டு காரில் ஏறினார்.

அரங்கின் வாசலில் எழுபத்தைந்து அடி உயர எண்ணெய்த் தொழிலாளி ஒருவர் மஞ்சள் நிறத்தில் நிற்கிறார். 'கோல்டன் டிரில்லர்'. அவர் வலது கை ஊன்றியிருப்பது உண்மையான எண்ணெய்க் கிணற்றுக் கோபுரத்தின்மேல். துல்சா ஒரு காலத்தில் உலகின் எண்ணெய்த் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர். பின்னால் இருக்கும் மண்டபமும் 1966இல் எண்ணெய்க் கண்காட்சிக்காகக் கட்டியதுதான். கூரையைத் தாங்க நடுவில் தூண்கள் இல்லை. மேலிருந்து கம்பிவடங்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பதினொரு ஏக்கர் என்கிறார்கள். எங்கள் ஊரில் பதினொரு ஏக்கர் என்றால் மூன்று குடும்பங்கள் பிழைக்கும் வயல். அதற்குக் கூரை போட்டு, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மேசைகளைப் போட்டிருக்கிறார்கள். எட்டடி மேசை என்று வைத்து நண்பர் வரிசையில் நின்றபடியே கணக்குப் போட்டார்: ஒட்டிப்போட்டால் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர்.

வாசலில் போலீஸ். உள்ளே கொண்டுவரும் துப்பாக்கி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, சுடமுடியாதபடி பிளாஸ்டிக் பட்டையால் கட்டி அனுப்புகிறார்கள். ஆம், விற்கவும் கொண்டுவருகிறார்கள். ரைஃபிளைத் தோளில் மாட்டி, குழல் வாயில் ஒரு குச்சியைச் செருகி, குச்சி முனையில் விலை எழுதிய காகிதத்தை ஒட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே அந்தக் காகிதங்கள் மட்டும் ஆடி ஆடிப் போவதைப் பார்த்தால் கட்சி மாநாடுபோல இருக்கிறது. எங்கள் பக்கம் தேர்தல் அறிவித்துவிட்டால், உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் மிராசுதார் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போவார். அதுதான் நான் கண்ட துப்பாக்கி ஊர்வலம்.

முதல் ஒரு மணி நேரம் கண் எதிலும் நிலைக்கவில்லை. மேற்கு அமெரிக்கப் படங்களில் வரும் கோல்ட் ரிவால்வர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள், நம் ஊரில் வைர மூக்குத்தி வைப்பதைப்போல வெல்வெட்டில். பக்கத்து மேசையில் கறுப்பு ஏஆர்-15 ரைஃபிள்கள், துடைப்பக்கட்டை அடுக்கியதுபோல. அதற்கடுத்து உலர்த்திய மாட்டிறைச்சி, மிட்டாய், பழைய நாணயம், கத்தி, பாட்டிமார் தைத்த மெத்தை விரிப்பு. ஒரு மேசையில் ஸ்வஸ்திகா பதித்த ஜெர்மன் பதக்கங்களை வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். வரலாற்றுப் பொருள் என்பார்கள். விற்றவரின் முகத்தைப் பார்த்தேன். வரலாற்றில் அவ்வளவு ஆர்வம் உள்ளவராகத் தெரியவில்லை. வேகமாகக் கடந்தோம். மற்றபடி என் நிறத்தை யாரும் பொருட்படுத்தியதாகத் தோன்றவில்லை. சந்தையில் விற்கிறவனுக்கு எதிரே நிற்பவனின் சட்டைப்பைதான் முதலில் தெரியும், அது தோவாளைப் பூச்சந்தையானாலும் துல்சாவானாலும்.

என்னை நிறுத்தியது ஒரு வாளி. பெயிண்ட் வாளி அளவு. அது நிறைய வெடித்த காலித் தோட்டாக்கள், பித்தளை மினுங்க. தோட்டாவைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்கிறவர்களுக்கு எடைபோட்டு விற்கிறார்கள். அப்படிப் பத்துப் பன்னிரண்டு வாளிகள். நான் உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன். விற்கிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முப்பது பேர், உடைமுள், ஒரு சாயங்காலம் என்று மனதில் ஓடியது. அள்ளியதை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன்.

மேசைகளில் இருவகை உண்டு என்பதை வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமம் பெற்ற வணிகர் என்றால் 4473 என்கிற படிவம் நிரப்ப வேண்டும், அவர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை அமைப்பைக் கேட்டு, சரி என்று பதில் வந்தால்தான் கொடுப்பார். 1998 நவம்பர் முதல் நடைமுறை இது. தன் சொந்தச் சேகரிப்பை விற்கும் தனியாள் என்றால், ஓக்லஹோமாக்காரர் இன்னோர் ஓக்லஹோமாக்காரருக்கு மத்தியச் சட்டப்படி படிவம், சோதனை எதுவுமில்லாமல் விற்கலாம். பணத்தைக் கொடு, பொருளை எடு. ஒரே கூரை, ஒரே பொருள், மூன்றடி தள்ளி வேறு சட்டம். இது எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை அங்கே உரக்கச் சொல்லவுமில்லை.

நான் வேறு மாநிலத்தான் என்பதால் எனக்கு இன்னும் ஒரு முடிச்சு. தனியாள் எவரும் வேறு மாநிலத்தவருக்கு நேரடியாக விற்கக் கூடாது. கைத்துப்பாக்கி என்றால் என் மாநிலத்து உரிம வணிகருக்கு அனுப்பி, அங்கேதான் வாங்கிக்கொள்ள முடியும். ரைஃபிள் போன்ற நீண்ட துப்பாக்கியை மட்டும் இங்குள்ள உரிம வணிகர் மூலம் நேரிலேயே வாங்கலாம். இது ஒருபக்கம் இருக்க, 1898இலோ அதற்கு முன்போ செய்தது என்றால் மத்தியச் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே இல்லை, பழம்பொருள். நண்பர் அதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, 1890களின் வின்செஸ்டர் ஒன்றின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அதே மென்மையோடு திருப்பி வைத்தார்.

லீ என்ஃபீல்டுகள் வடகிழக்கு மூலையில் இருந்தன. இங்கிலாந்தில் செய்தவை, கனடாவில் செய்தவை, ஆஸ்திரேலியாவின் லித்கோவில் செய்தவை. இந்தியச் சரக்கு என்றாலே சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். தரத்தில் ஒருபடி கீழ் என்று இந்த வட்டாரத்தில் நெடுநாள் பேச்சு. ஒருவர் 2ஏ1 என்பதைக் காட்டினார். சீனப் போருக்குப் பிறகு, 7.62 தோட்டாவுக்காக இஷாப்பூரில் மாற்றிச் செய்த வடிவம். பத்துக்குப் பதில் பன்னிரண்டு தோட்டா பிடிக்கும் சதுரப் பெட்டி. நல்ல துப்பாக்கி. ஆனால் அப்பா தூக்கியது அதுவல்ல. இன்னொருவரிடம் .410 மஸ்கட் இருந்தது. இந்தியக் காவலர்களுக்காகவும் சிறைக் காவலர்களுக்காகவும் வெள்ளைக்காரன் .303ஐத் திருத்திச் செய்தது: தோட்டாவைச் சுழற்றி அனுப்பும் வரிச்சுழி குழலுக்குள் இல்லை, ஒருமுறைக்கு ஒரு தோட்டா, தூரமும் போகாது. தன் ஆயுதத்தைத் தன் காவலன் கையில் கொடுக்கும்போதே பாதி பிடுங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறான். அதை வாங்கத் தோன்றவில்லை, ஆனால் ஐந்து நிமிடம் கையில் வைத்திருந்தேன்.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவரின் மேசையில் மூன்றாவதாகக் கிடந்தது. தொடலாமா என்று கேட்டேன்; கேட்காமல் எதையும் தொடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம், பல மேசைகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். குழலைக் கூரை நோக்கிப் பிடித்து எடுத்தேன். நாலு கிலோ. கழுத்துப் பட்டையில் கிரீடம், கீழே மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், இஷாப்பூர், 1942. கொல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளிக் கரையில் இருக்கும் தொழிற்சாலை. முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணி. மரம் பிளக்காமலிருக்க இஷாப்பூரில் மட்டும் போட்ட வழக்கம் என்று இணையத்தில் படித்திருந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "அந்தத் திருகாணியைத் தேடுகிறவர் வருடத்துக்கு ஒருவர் வருவார்" என்றார்.

காலை பத்தரை, இந்தியாவில் இரவு ஒன்பது. அப்பாவுக்குக் காணொளி அழைப்புப் போட்டேன். அவர் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார்.

"போல்ட்டைத் திற. அதிலிருக்கும் எண்ணைக் காட்டு. பாடியில் இருக்கும் எண்ணைக் காட்டு."

இரண்டும் ஒன்றாக இருந்தன.

"குழலுக்குள் விளக்கடித்துப் பார். வரி கூர்மையாகத் தெரிகிறதா, அரித்திருக்கிறதா?"

கடைக்காரரே ஒரு சிறு விளக்கைக் கொடுத்தார். வரி தெரிந்தது, வாய்ப்பக்கம் லேசாக மங்கல்.

"வாய் தேய்ந்திருக்கும். குழல் துடைக்கும் புல்த்ரூ கயிற்றைக் கோணலாக இழுத்திருப்பான். சோம்பேறி" என்று, எண்பது வருடத்துக்கு முந்தைய யாரோ ஒரு சிப்பாயை அப்பா திட்டினார். "பின்கட்டையைத் திருப்பு. எண் போட்டிருக்கிறதா?"

பின்கட்டையின் மரத்தில், தேய்ந்துபோன மஞ்சள் பெயிண்டில் இரண்டு இலக்கம்: 61. ஏதோ ஒரு கிடங்கில், ஏதோ ஒரு வரிசையில் அதன் இடம். அப்பா திரைக்கு அருகே வந்து பார்த்தார். அவருடைய எண் 114 என்று எனக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. "மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசியிருக்கிறான், பரவாயில்லை" என்றார். பிறகு, "ரவுண்டு எத்தனை கொடுப்பார்கள்?"

"கொடுக்க மாட்டார்கள் அப்பா, நாம்தான் வாங்க வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும்."

"எம்ப்டியை யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?"

"யாரிடமும் இல்லை."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் அம்மா இட்லி ஆறுகிறது என்று சொல்வது கேட்டது.

சீட்டில் 575 டாலர். பேரம் பேச எனக்கு வெட்கமில்லை; வாய்த் தேய்மானத்தைச் சுட்டிக்காட்டினேன். 500க்கு வந்து நின்றது. ஞாயிறு பிற்பகலில், பொருளை மறுபடி வண்டியில் ஏற்றச் சலித்துப்போனவர்களிடம் இன்னும் இறங்கும் என்பார்கள். அதுவரை 61ஐ விட்டுவைக்க எனக்குத் துணிவில்லை. பெரியவர் தனியாள், நான் வெளிமாநிலத்தான் என்பதால் இருவருமாக நாலு வரிசை தள்ளியிருந்த உரிம வணிகரிடம் நடந்தோம். கைமாற்றுக் கட்டணம் 25 டாலர்.

படிவம் உயரம், எடை, இனம், பிறந்த ஊர் எல்லாம் கேட்கிறது. கோவில்பட்டி என்று எழுதினேன். அந்தத் தாளில் அந்தப் பெயரைப் பார்க்க எனக்கே வேடிக்கையாக இருந்தது. இந்தத் துப்பாக்கியை நீங்கள் உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா என்பது ஒரு கேள்வி. பொய் சொன்னால் சிறை. ஆமாம் என்று குறியிட்டேன், அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தாலும். கஞ்சா பயன்படுத்துவீர்களா, மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டப்படி குற்றம் என்று ஓர் எச்சரிக்கை. ஓக்லஹோமாவில் 2018இல் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த பிறகு, வரும் வழியெல்லாம் பச்சைச் சிலுவை போட்ட கடைகளைப் பார்த்திருந்தோம். கிரீன் கார்டின் எண்ணையும் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: தாமதம்.

மறுப்பு இல்லை, தாமதம். குடிமக்கள் அல்லாதவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதுதான் என்று வணிகர் ஆறுதல் சொன்னார். மூன்று வேலைநாள் கழிய வேண்டும். சனியும் ஞாயிறும் கணக்கில் சேராது. நண்பர் என் தோளைத் தட்டி, "வரிசைக்கு வருக" என்றார். அவர் அன்று வாங்கியது ஒரு பொட்டலம் மிட்டாய் மட்டும்.

அடுத்த சனிக்கிழமை வணிகரின் கடைக்குப் போய் எடுத்துவந்தேன். கிளேர்மோர் பக்கம். அந்த ஊரில் ஜே.எம். டேவிஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. விடுதி நடத்திய தனிமனிதர் ஒருவர் சேர்த்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். ஏழு வயதில் கசப்பு மருந்தைக் குடிக்க மறுத்த பையனுக்கு அவன் அப்பா லஞ்சமாக ஒரு துப்பாக்கி கொடுத்தாராம், அதில் தொடங்கியதாம். மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "எனக்கு ஐஸ்கிரீம்தான் கொடுக்கிறீர்கள்" என்றாள்.

மே மாதத்தில், ஊருக்கு வெளியே இருக்கும் சுடுதளத்தில் பத்துத் தோட்டா சுட்டேன். ஒன்று ஒன்றரை டாலருக்கு மேல். இந்தியாவில் இதே தோட்டாவைத் தனியாள் வைத்திருக்க முடியாது, ராணுவ அளவு என்று தடை. உத்தரப் பிரதேசக் காவல்துறைகூட 2020 குடியரசு நாளன்று அணிவகுப்பு நடத்தி இந்த ரைஃபிளை வழியனுப்பிவிட்டது. என் தோளில் அது கழுதையைப்போல உதைத்தது. இலக்கில் ஆறு பட்டன. குனிந்து காலிகளைப் பொறுக்கினேன்: ஒன்பது. பக்கத்துத் தடத்தில் சுட்டவர் தன்னுடையவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார். சரளைக் கற்களுக்குள் இருபது நிமிடம் தேடினேன். சுடுதளக் காவலர் வந்து என்ன தொலைந்தது, மோதிரமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவை அழைத்தேன். ஒன்பதைப் பற்றிச் சொல்லவில்லை.

"குழலுக்கு வெந்நீர் ஊற்றினாயா?" என்றார்.

இப்போதைய தோட்டாக்களில் அரிக்கும் உப்பு இல்லை அப்பா, எண்ணெய்த் துணி போதும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அடுப்பில் வை. கொதிக்க வேண்டும். வைத்துவிட்டுப் பேசு."

வைத்தேன்.